ரைவல் என்ற சொல்லும் முதல் ஆணியும்

சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். பெங்களூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கான அகராதி ஒன்றைத் தயாரிக்கும் அலுவலகத்தில் வேலை. ஆங்கிலச் சொல், அதற்குத் தமிழிலும் கன்னடத்திலும் பொருள், கீழே ஒரு சின்னக் கட்டத்துக்குள் அந்தச் சொல் எங்கே பிறந்து எப்படி வந்தது என்ற கதை. அந்தக் கட்டங்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. சொல் பிறந்த கதை என்று ஊரில் உலாவுவதில் பாதி கட்டுக்கதை. 'சின்சியர்' என்றால் லத்தீனில் 'மெழுகில்லாமல்' என்று அர்த்தமாம், சிலையில் விழுந்த விரிசலை மெழுகு பூசி மறைத்து விற்ற காலத்தில் யோக்கியமான சிற்பிகள் அப்படிச் சொல்லி விற்றார்களாம். இந்தக் கதை வருஷா வருஷம் வாட்ஸாப்பில் வலம் வரும். ஆதாரம் கேட்டால் அனுப்பியவர் காணாமல் போய்விடுவார். கதை அழகாக இருந்தால் நான் முதலில் அதன் பையைத்தான் சோதனை போடுவேன்.

கோலார் தங்கவயலில் பிறந்தவளுக்கு இது கஷ்டமான வேலை இல்லை. சுரங்கம் ஓடிய காலத்தில் ஷாஃப்டிலிருந்து ஏறி வந்த ஆளைத் தலைமுடியிலிருந்து டிபன் டப்பா வரை தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். என் அப்பா ரிடையர் ஆன பிறகும் கடைக்குப் போய்விட்டு வந்தால் வாசலில் நின்று சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். யாரும் கேட்டதில்லை. பழக்கம். அந்தப் பழக்கத்தின் மறுபாதி எனக்கு வந்திருக்கிறது போல. எதிரே யார் வந்தாலும் பையில் என்ன இருக்கிறது என்று என் கண் போய்விடும்.

எங்கள் வீடு தங்கவயலின் கோரமண்டல் பகுதியில், பழைய கம்பெனி லைனில். பத்து வீடுகள் ஒட்டியபடி நிற்கும் வரிசை. ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். என் வீட்டுக்காரர் சுரங்கம் மூடும்வரை கீழே வேலை பார்த்தார், பிறகு பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார், இப்போது இரண்டு முழங்காலும் போய் வீட்டில் இருக்கிறார். ஒரு குடம் தண்ணீரைக்கூடத் தூக்க முடியாது. நான் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போய், விளக்கு வைத்த பிறகு திரும்புகிறவள். அதனால் தண்ணீர் விஷயத்தில் எனக்கு இரக்கம் கொஞ்சம் கம்மி.

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளை அக்கா என்று கூப்பிடுவேன். அது மரியாதைக்கு. மனசுக்குள் கூப்பிட்டதையெல்லாம் எழுதினால் அச்சில் ஏறாது. எழுபதை நெருங்குகிறவள், புருஷன் போய்ப் பல வருஷமாகிறது, தனியாகத்தான் இருக்கிறாள். எங்கள் வீட்டில் புத்தர் படம், அவள் வீட்டில் முருகன் படம். அதில் எங்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. சண்டை எல்லாம் குழாய்க்குத்தான்.

அவளுடைய ஒரே மகள் பெங்களூரில் அப்பார்ட்மெண்ட் ஒன்றில் இருக்கிறாள். அம்மாவை அங்கே அழைத்துப் போக எவ்வளவோ மன்றாடிப் பார்த்தாள். அக்கா மசியவில்லை. லிஃப்ட் கதவு மூடினாலே மூச்சு முட்டுகிறது என்றும், சுரங்கத்துக் கூண்டு லிஃப்டான கேஜில் ஏறி இறங்குகிற பிழைப்பு தன் புருஷனோடு போகட்டும் என்றும் சொல்லிவிட்டாள். கடைசியில் தாய்க்கும் மகளுக்கும் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. தன் தண்ணீரைத் தானே தூக்க முடிகிற வரை அம்மா இங்கே இருக்கலாம். முடியாத அன்றைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும், மறுபேச்சு கூடாது. மகள் இதை வாசலில் நின்று சத்தமாகச் சொன்னதால் லைன் முழுக்கத் தெரியும்.

எங்கள் லைனுக்கு ஒரே குழாய். தங்கவயலிலேயே பாலகாட் பகுதியில் இருக்கிற போர்வெல்லிலிருந்து வருகிற தண்ணீர். எந்த நாள், எந்த நேரம் என்பது மோட்டார் போடுகிற ஆளுக்கே தெரியாது. முன்பு குடங்களை வரிசையாக வைத்தோம், குடம் தானாக நகர்ந்தது. பிறகு குடத்துக்குப் பதில் கல் வைத்தோம், கல்லெல்லாம் ஒரே மாதிரி இருந்ததில் அதற்கும் அடிதடி. கடைசியில், ஆள் வருகையைப் பதிகிற சுரங்கத்து டைம் ஆபீசில் வேலை பார்த்த ஒருவர் ஒரு பலகையில் ஆணிகளை அடித்துக் குழாய்க்கு மேலே மாட்டினார். வீட்டுக்கு வீடு சுரங்கத்துப் பித்தளை டோக்கன் இருந்தது. சுரங்கம் மூடும்போது திருப்பிக் கொடுக்காமல் இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தவை. ஒவ்வொன்றிலும் அதை வைத்திருந்த தொழிலாளியின் நம்பர் அடித்திருக்கும். வரிசைக்கு அதைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டுவோம். முறை வந்தால் டோக்கனைக் கழற்றிக்கொண்டு தண்ணீர் பிடிக்கலாம். நமக்கு வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டால் டோக்கன் அங்கேயே தொங்கட்டும், அடுத்த தடவை நமக்கு முதல் ஆணி. அடுத்தவர் டோக்கனை மட்டும் யாரும் தொட மாட்டோம். அந்த நம்பர்களுக்கு உரியவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை.

இந்த ஏற்பாடு வந்த பிறகு லைனில் சண்டை குறைந்தது. எனக்குச் சந்தேகம் குறையவில்லை. ஏனென்றால் கொஞ்ச நாளாக அக்காவின் நடவடிக்கை சரியில்லை. முன்பெல்லாம் குடம் தளும்பத் தளும்பப் பிடித்து இடுப்பில் வைத்து, ஒரு சொட்டு சிந்தாமல் போவாள். இப்போது அரைக் குடம் பிடிக்கிறாள். அரைக் குடத்தோடு போய், வீட்டில் ஊற்றிவிட்டு, சேலையைச் சரிசெய்து, சாவகாசமாகத் திரும்பி வருகிறாள். அதுவரை குழாய் அவளுடையது. பின்னால் நிற்கிறவர்களுக்கு நாக்கு வறள்கிறது. நான் தூக்கி வைக்கிறேன் என்று ஒருத்தி கேட்டாள். குடத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, உன் வேலையைப் பார் என்றாள் அக்கா.

இதற்கு நான் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். முறை ஒன்றுதான், ஆனால் நேரத்துக்கு அளவு கிடையாது. நிதானமாகப் பிடித்தால் பின்னால் இருக்கும் மூன்று வீட்டுக்குத் தண்ணீர் கிடைக்காமல் போகும். அதில் ஒன்று என் வீடு. இதை வீட்டுக்காரரிடம் சொன்னபோது, அந்தம்மாவுக்கு வயசாகிறது, அவ்வளவுதான் என்றார். ஆண்களுக்கு எல்லாம் அவ்வளவுதான். பின்கட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டால் நான் காதைச் சுவரில் வைத்து, எத்தனை குடம் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன். அந்தப் பக்கமும் ஒரு காது வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் டிரம்மில் தண்ணீர் ஊற்றி முடித்ததும் சுவருக்கு அப்பால் இருமல் கேட்கும்.

அகராதியில் அப்போது 'ஆர்' எழுத்துக்கு வந்திருந்தோம். 'ரைவல்' என்ற சொல்லின் கட்டத்தில் எனக்கு முன்னால் வேலை பார்த்த யாரோ எழுதி வைத்திருந்தார்கள்: லத்தீனில் 'ரீவுஸ்' என்றால் ஓடை, கால்வாய். அதிலிருந்து 'ரீவாலிஸ்', ஒரே கால்வாயில் தண்ணீர் எடுக்கிறவன். போட்டியாளன் என்ற இன்றைய பொருள் அதிலிருந்து வந்தது. படித்ததும் எனக்குப் பகீரென்றது. அடுத்த நிமிஷமே சந்தேகம் வந்தது. என் வீட்டு வாசலைப் பார்த்துவிட்டு எழுதினாற்போல் இவ்வளவு பொருத்தமாக ஒரு கதை இருக்குமா? இதுவும் மெழுகுக் கதைதான் என்று பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

அலுவலகத்தில் தலையணை கனத்துக்கு ஒரு லத்தீன் அகராதி இருக்கிறது. மதியச் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு அதைப் புரட்டினேன். அங்கும் அதுவே இருந்தது. அது போதாமல் இன்னும் தேடினேன். ரோமாபுரியின் பழைய சட்டத் தொகுப்பில், தண்ணீர் எடுக்கும் உரிமையைப் பற்றிப் பேசுகிற இடத்தில் இந்தச் சொல் வருகிறது. ஒரே கால்வாயிலிருந்து தண்ணீரைக் கொண்டுபோகிறவர்களுக்குள் தகராறு வந்தால் என்ன செய்வது என்று அங்கே விசாரிக்கிறார்கள். எனக்கு வியப்பு கால்வாய் இருந்ததில் இல்லை. அந்தக் காலத்திலேயே தகராறும் அதே வரியில் பக்கத்திலேயே நின்றதுதான். சட்டம் எழுதுகிற அளவுக்கு அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் அந்தச் சொல் கால்வாயை விட்டு வீதிக்கு வந்திருக்கிறது. ஒரே பெண்ணின் பின்னால் அலைகிற இரண்டு ஆண்களை லத்தீன் நாடகக்காரர்கள் 'ரீவாலிஸ்' என்று கேலி செய்தார்கள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது தண்ணீர் முழுக்க வற்றிப்போய்ச் சண்டை மட்டும் மிஞ்சியிருந்தது. இன்னொன்றும் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒரு காலத்தில், ஒரே காவலில் கூட நிற்கிற துணையாளுக்கும் இந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பொருள் நிலைக்கவில்லை.

சரிபார்க்கும் வேலையில் ஒரு விதி உண்டு: பார்வைக்கு ஒன்றாக இருப்பதை உறவு என்று நம்பக் கூடாது. 'ரிவர்' என்கிற ஆறு இந்த 'ரைவல்' குடும்பம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். கிடையாது. அது கரை என்று பொருள்படும் வேறொரு லத்தீன் சொல்லின் பிள்ளை. சம்பந்தமே இல்லாதது போல் இருக்கிற 'டிரைவ்' — வண்டி ஓட்டுவது இல்லை, ஒன்றிலிருந்து ஒன்றைப் பெறுவது என்று கணக்கு வாத்தியார்கள் சொல்வார்களே — அதுதான் சொந்தக்காரன். கால்வாயிலிருந்து தண்ணீரைப் பிரித்து இழுப்பது என்பது அதன் மூலப்பொருள். ஆக, கால்வாயிலிருந்து எடுப்பதற்கு ஒரு சொல், எடுக்கும்போது பக்கத்தில் நின்று முறைப்பவனுக்கு ஒரு சொல். நான் என் பென்சில் கேள்விக்குறியை அழித்தேன்.

தமிழ்ப் பொருள் என்ற இடத்தில் 'போட்டியாளர், எதிரி' என்று இருந்தது. எனக்கு அது ஒப்பவில்லை. எதிரி எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். இவன் பக்கத்திலிருந்து வருகிறவன். நம்மிடம் இதற்கென்றே செய்த சொல் இருக்கிறதே என்று 'பங்காளி' என்று எழுதினேன். பங்கு உள்ளவன் பங்காளி. ஆனால் நாம் அந்தச் சொல்லை எங்கே அதிகம் சொல்கிறோம்? பங்காளிச் சண்டையில், பங்காளிக் காய்ச்சலில். லத்தீன்காரன் கால்வாயில் கண்டுபிடித்ததை நம் ஆட்கள் வரப்பிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

எங்கள் அகராதியின் ஆசிரியர் என்னைவிட இருபது வயது சின்னவள், கன்னடக்காரி, கெட்டிக்காரி. அவளுக்கும் சந்தேகம்தான் தொழில். கன்னடத்திலும் 'தாயாதி மத்ஸர', அதாவது பங்காளிப் பொறாமை, என்று சொல்வோம் என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் பிள்ளைகளுக்கான அகராதியில் பங்கு போடுகிறவர்களெல்லாம் பகைவர்கள் என்று எழுதினால் எப்படி என்று கேட்டாள். பகிர்ந்துகொண்டால் அன்பு வளரும் என்றுதானே பக்கத்துக்குப் பக்கம் சொல்லிக் கொடுக்கிறோம்? ஒரே கால்வாயில் எடுப்பதால் மட்டும் எதற்காகச் சண்டை வர வேண்டும்? இதெல்லாம் யாரோ பிற்காலத்தில் ஜோடித்தது போல இருக்கிறது என்றாள். உங்கள் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, அதனால் கேட்கிறீர்கள் என்று சொன்னேன். கட்டத்தைத் திங்கட்கிழமை முடிவு செய்யலாம் என்று ஒத்திவைத்தாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை நான் வேலையிலிருந்து திரும்பியபோது பலகையில் அக்காவின் டோக்கன் முதல் ஆணியில் தொங்கியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று தண்ணீர் வந்தது, அக்கா குடத்தோடு குழாயடியில் நின்றதைப் பார்த்தேன் என்று வீட்டுக்காரர் போனில் சொல்லியிருந்தார். பிடித்துவிட்டு, பிடிக்காதவள் மாதிரி மறுபடியும் மாட்டியிருக்கிறாள். அடுத்த தடவைக்கு முதல் ஆணி. நேரத்தைத் திருடியது போதாமல் முறையையும் திருட ஆரம்பித்துவிட்டாள் என்று முடிவே கட்டிவிட்டேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், லைன் முழுக்கப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் தண்ணீர் வரவில்லை. டோக்கன் அசையாமல் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் வந்தது. முதல் ஆணிக்காரி வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பதில் இல்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று ஒருத்தி சொன்னாள். அப்படியானால் அடுத்தவர் பிடிக்கட்டும் என்று வரிசை நகர்ந்தது. எல்லாரும் நல்லவர்கள், யாருக்கும் அவள்மேல் விரோதம் இல்லை. அதனால் யாரும் மேற்கொண்டு யோசிக்கவும் இல்லை. நான் மட்டும் யோசித்தேன். மகள் வீட்டுக்குப் போகிறவளா அவள்? தண்ணீர் வரும்போது வராமல் இருக்கிறாள் என்றால் அவள் டிரம் நிரம்பியிருக்கிறது. டோக்கனை நிரந்தரமாக முதல் ஆணியில் குடிவைக்கப் பார்க்கிறாள்.

என் முறைக்குத் தண்ணீர் பிடித்து ஊற்றிய கையோடு பின்கட்டுக்குப் போனேன். ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவருக்கு மேலே தலையை நீட்டினேன். என் வயசுக்கு அது செய்யக்கூடிய காரியமில்லை, உள்ளே உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் என்ன செய்கிறாய் என்று கேட்டார். அக்காவின் டிரம் மூடி திறந்திருந்தது. உள்ளே அடி தெரிந்தது. அடியிலே வெள்ளையாக உப்புப் படிந்து காய்ந்திருந்தது. பக்கத்தில் குடங்கள் கவிழ்த்து வைத்தபடி. வியாழக்கிழமை அவள் ஒரு சொட்டும் பிடிக்கவில்லை.

 இந்த ஊரில் தொங்கும் டோக்கனைப் பார்த்து நாங்கள் முதலில் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. சுரங்கத்தில் இறங்கும்போது டோக்கனைக் கொடுத்துவிட்டு இறங்குவார்கள், மேலே வந்ததும் வாங்கிக்கொள்வார்கள். ஷிஃப்ட் முடிந்தும் ஆணியில் டோக்கன் தொங்கினால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று சங்கு ஊதுவார்கள். அந்த டோக்கனையே கண் முன்னால் மாட்டிவைத்துக்கொண்டு, குடத்தை இடுப்பில் வைத்தபடி, மொத்த லைனும் அடுத்தது யார் என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

சுவரை எப்படித் தாண்டினேன் என்று தெரியவில்லை, முழங்கையில் தோல் போயிருந்ததைப் பிற்பாடு பார்த்தேன். பின்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். உடம்பு வியர்வையில் சில்லென்று இருந்தது. கண் பாதி திறந்திருந்தது, கூப்பிட்டால் ஏதோ முனகினாள். அடுப்பு மேடைமேல் சர்க்கரை வியாதி மாத்திரை அட்டை கிடந்தது. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். சாப்பிட ஒன்றும் இல்லை. சமைக்க வீட்டில் தண்ணீர் இல்லை. குடிக்கிற சொம்பில்கூட இல்லை. நான் கத்தின கத்தலில் வீட்டுக்காரர் சுவருக்கு மேலாக எங்கள் தண்ணீரை ஒரு சொம்பில் நீட்டினார். சர்க்கரையைக் கரைத்து, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். விழுங்கினாள்.  செத்துப் போய்விடாதே என்று வாய்விட்டுச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. என்னைப் பார்த்தாள், கையில் இருந்த சொம்பைப் பார்த்தாள்.

"இது யாரு ஊட்டுத் தண்ணி?"

எங்கள் வீட்டுத் தண்ணீர் என்றேன். இன்னொரு மடக்குக் குடித்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, இதைப் பின்னால் சொல்லிக் காட்டக் கூடாது என்றாள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சர்க்கரை தாழ்ந்துவிட்டது, வேறு ஆபத்து இல்லை, மாத்திரை அளவைக் குறைக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஆட்டோவில் போகும்போதுதான் அக்கா விஷயத்தைச் சொன்னாள். கொஞ்ச நாளாகவே இடது தோளில் பலம் இல்லை. அதனால்தான் அரைக் குடம். வியாழக்கிழமை அரைக் குடமும் இடுப்புக்கு ஏறவில்லை. குழாயடியில் நின்றபடி எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்திருக்கிறாள், அதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. முறைப்படி டோக்கனை மாட்டிவிட்டுக் காலிக் குடத்தோடு வீட்டுக்குப் போனாள். யாரிடமும் உதவி கேட்கவில்லை. கேட்டால் மகள் காதுக்குப் போகும். மகள் காதுக்குப் போனால் வீட்டைப் பூட்ட வேண்டும். வீட்டில் இருந்த மிச்சத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்துச் சமாளித்திருக்கிறாள்.

திங்கட்கிழமை நான் ரயிலில் போகும்போது அந்தக் கட்டத்தை மறுபடி எழுதினேன். ஒரே கால்வாயில் தண்ணீர் எடுக்கிறவர்கள். ஒருவர் எடுப்பதை இன்னொருவர் எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான், சண்டை என்றுகூடப் போடவில்லை. ஆசிரியர் படித்துவிட்டு, இந்த இரண்டாவது வரிக்கு ஆதாரம் என்ன, எந்தப் புத்தகம் என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். புத்தகம் இல்லை என்றேன். வரியை அடித்துவிட்டு, முதல் வரியையும் 'பங்காளி'யையும் விட்டுவைத்தாள். எனக்கு அதுவே பெரிய விஷயம்.

அன்று சாயங்காலம், ஆஸ்பத்திரிக்குப் போன விஷயம் காதுக்கு எட்டி, மகள் காரோடு வந்து நின்றிருந்தாள். அம்மாவின் துணிகளை இரண்டு பைகளில் அடுக்கியாயிற்று. முருகன் படத்தைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே. மகள் என்னை வாசலுக்குக் கூட்டிவந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே, அம்மா மனசு கஷ்டப்படாமல் வர வேண்டும், நீங்கள் இரண்டு வார்த்தை சொன்னால் கேட்பார்கள், இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்திருக்கிறீர்கள் என்றாள்.

அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்குப் பாவமாக இருந்தது. அவள் சொல்வதில் தப்பு இல்லை. நான் வேலை நாளில் பெங்களூரில் இருப்பேன், என் வீட்டுக்காரரால் சுவர் ஏறிக் குதிக்க முடியாது. அடுத்த தடவை விழுந்தால் யார் பார்ப்பார்கள்? அக்கா போனால் எனக்கு ஆதாயம்கூட உண்டு. வரிசையில் ஓர் ஆணி குறையும், அரைக் குடத்துக்குக் காத்து நிற்க வேண்டாம், சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்காது. இதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஆனால் எனக்கு அவள் போகக் கூடாது என்று இருந்தது. நான்காவது மாடியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற வீட்டில், யாரையும் முறைக்க வேண்டியிராத இடத்தில், அவள் எத்தனை நாள் தாங்குவாள்? இங்கே என் டிரம்மில் ஊற்றும் சத்தத்தை எண்ண ஆள் இல்லாமல் நான் எத்தனை நாள் தாங்குவேன்?

மகள் சொன்னபடியே இரண்டு வார்த்தை சொல்ல உள்ளே போனேன். அக்காவுக்கு முன்னால் உட்கார்ந்து, இதுவரை அவளிடம் பேசாத குரலில், தேனொழுகப் பேசினேன்.

"நீங்க ஒண்ணும் கவலைப்படாம போங்கக்கா. ஆணியில தொங்குற அந்த டோக்கனை மட்டும் எனக்கு விட்டுட்டுப் போங்க. உங்க முறைய நான் பாத்துக்கறேன்."

அக்கா நிமிர்ந்தாள். என் முகத்தை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னம் வரை சோதனை போட்டாள். என் அப்பாவைக்கூட யாரும் அப்படிச் சோதனை போட்டிருக்க மாட்டார்கள். நான் இமைக்கவில்லை.

"எத்தினி நாளா இதுக்குக் காத்துக்கினு இருந்தே?" என்றாள். பிறகு மகள் பக்கம் திரும்பி, "பைய எடுத்து உள்ள வை. நான் எங்கயும் வரல" என்றாள்.

மகள் அழுதாள், கெஞ்சினாள், ஒப்பந்தத்தை ஞாபகப்படுத்தினாள். இவளிடம் முறையை விட்டுவிட்டுப் போவதைப் பற்றி ஒப்பந்தத்தில் எதுவும் பேசவில்லையே என்று என்னைக் கைகாட்டினாள் அக்கா. மகள் என்னைப் பார்த்த பார்வையில் நான் குற்றவாளி. நியாயம்தான். காலையில் நான் ரயிலுக்குப் போகும் முன்னால் கதவைத் தட்டுவேன், பகலில் வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார், பதில் வராவிட்டால் உனக்குப் போன் வரும் என்று அவளிடம் தனியாகச் சொல்லி அனுப்பினேன். காலையில் நான் கதவைத் தட்டுகிறபோது, உளவு பார்க்க வந்துவிட்டாயா என்று உள்ளேயிருந்து குரல் வரும். உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு நான் ஸ்டேஷனுக்குப் போவேன்.

அடுத்து தண்ணீர் வந்தது ஒரு விடுமுறை நாளில். முதல் ஆணி அவளுடையது. எல்லாரும் பார்க்கட்டும் என்று குடத்தை விளிம்பு வரை பிடித்தாள். குனிந்து அதன் கழுத்தைப் பிடித்தாள். குடம் தரையை விட்டு எழவில்லை. மறுபடி முயன்றாள்.  நான் என் குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய், ஒன்றும் கேட்காமல், அந்தக் குடத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். கையைத் தட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். மறுபக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் தூக்கினோம்.

"வழியில சாய்ச்சிடாத. நான் பாத்துக்கினுதான் வரேன்" என்றாள்.